எழுத்தில்லாத வாடகை வீடு: கல்லடியில் பூட்டப்பட்ட ஒரு கேற்றும் அதன் பின் நடந்தவையும்

2023 ஜூலை நடுப்பகுதி. களுவாஞ்சிக்குடியில் உறவினர் ஒருவரின் மரணச் சடங்கு முடிந்து, இரண்டு பிள்ளைகளோடும் மட்டக்களப்பின் கல்லடிக்குத் திரும்பிய பெண், தான் ஐந்தரை ஆண்டுகளாக வாடகைக்கு இருந்த வீட்டின் கேற்றில் புதிய பூட்டு ஒன்று தொங்குவதைக் கண்டார். அவருடைய தையல் இயந்திரம், ஊரார் தைக்கக் கொடுத்த துணிகள், பிள்ளைகளின் புத்தகங்கள், அடுப்படிப் பாத்திரங்கள் எல்லாம் உள்ளே இருந்தன. வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். "எழுத்து ஒன்றும் இல்லையே மகள். வீடு எங்களுடையது. சாமான்களை வந்து ஏற்றிக்கொண்டு போங்கள்" என்று பதில் வந்தது.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிந்தார்கள். பதிந்தவர் ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், இது காணிப் பிரச்சினை, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். அன்றிரவு தாயும் பிள்ளைகளும் அயல்வீட்டில் படுத்தார்கள். மறுநாள் எங்களிடம் சட்ட ஆலோசனை கேட்டு வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: எழுத்து இல்லாத எனக்கு உரிமை ஏதும் இருக்கிறதா?

இருந்தது. அந்த உரிமை எவ்வளவு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டுக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த வழக்கை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் அடையாளம் காணப்படாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வாடகை தொடங்கிய விதம்

2018 ஜனவரி முதலாம் திகதி குடிவந்தார்கள். கணவர் கட்டாரில் வேலை. மாத வாடகை 10,000 ரூபாய், முற்பணம் 60,000 ரூபாய். பேச்சு வீட்டு விறாந்தையில் நடந்தது. சாட்சி என்று யாரும் இல்லை. வாடகையை ஒவ்வொரு மாதமும் வீட்டுக்காரரின் மனைவியிடம் கையில் கொடுத்தார். அந்த அம்மா அதை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டார். பற்றுச்சீட்டு கேட்க இவருக்கு மனம் வரவில்லை. தன் தாயைப் போலப் பழகியவரிடம் துண்டு எழுதித் தாருங்கள் என்று கேட்பது சந்தேகப்படுவதாகிவிடும் என்று நினைத்தார். எங்கள் பகுதியில் வாடகை வீடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. போதனா வைத்தியசாலைக்கு மாற்றலாகி வரும் தாதியர், வந்தாறுமூலையில் அறை எடுக்கும் பல்கலைக்கழக மாணவர், ஒலுவிலுக்குப் படிக்கவரும் வெளியூர்ப் பிள்ளைகள் என்று யாரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

வாடகை 12,000 ஆகி, 2022 நெருக்கடியில் 18,000 ஆனது. அதையும் வாய்ப்பேச்சில்தான் கூட்டினார்கள். இடையில் நடந்த ஒரு மாற்றம் மட்டும் பின்னர் பெரிதும் உதவியது. 2020 மார்ச் 20 அன்று நாடெங்கும் ஊரடங்கு போடப்பட்டபோது கையில் பணம் கொடுக்க வழியில்லாமல், கணவர் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேரே வாடகையை அனுப்பத் தொடங்கினார். ஊரடங்கு போன பிறகும் அந்தப் பழக்கம் நீடித்தது.

2023 ஜூன் 24 அன்று வீட்டுக்காரர் வந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று, ஆவணியில் நாள், வீட்டை ஜூலை 10க்குள் விட்டுத் தரவேண்டும் என்றார். பிள்ளைகளின் படிப்பைச் சொல்லி மூன்று மாதம் கேட்டார் இவர். அது கிடைக்கவில்லை. முற்பணத்தைப் பற்றிக் கேட்டபோது, வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கவும் தண்ணீர் மோட்டார் திருத்தவும் அது சரியாகிவிடும் என்றார்கள். ஜூலை 10 கடந்ததும் வீட்டுக்காரரின் மகன் வந்து மின்சாரப் பெட்டியில் இருந்த பியூசைக் கழற்றிக்கொண்டு போனார். மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லாமல் போயிற்று. அடுத்த சில நாட்களில் பூட்டு விழுந்தது.

வீட்டுக்காரரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மகளுக்கு வீடு தேவை என்பது பொய்யில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் நடக்கிறது. தமிழர் ஊர்களில் மட்டுமின்றி, காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் அப்படித்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். மகள் சிறியவளாக இருக்கும்போதே கட்டிய வீட்டை, அவள் வளரும்வரை வாடகைக்கு விடுவது இங்கே சாதாரணம். ஆகவே எங்கள் ஊரில் ஒரு வாடகைக்காரரின் காலக்கெடுவை அநேகமாக வீட்டுக்காரரின் மகளின் வயதே தீர்மானிக்கிறது. இதை இரு தரப்பும் அறிந்திருந்தும் முதல் நாளிலேயே பேசிக்கொள்வதில்லை. அந்தத் தந்தையின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைகள் இருக்கும் வீட்டின் விளக்கை அணைப்பதை எந்தக் கல்யாணத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

எழுத்தில்லாவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது

மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்ற 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அசையாச் சொத்து பற்றிய கொடுக்கல் வாங்கல்களை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்பது அதன் 2ஆம் பிரிவு. அதே பிரிவு ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது: ஒரு மாதத்துக்கு மேற்படாத வாடகைக்கு அந்த எழுத்து தேவையில்லை. எனவே வாய்ப்பேச்சில் தொடங்கி, மாதாமாதம் வாடகை கொடுத்து வாங்கி நடக்கும் குடியிருப்பு, மாத வாடகையாகச் சட்டத்தில் நிற்கிறது. ஐந்து வருடம் இருந்தாலும் அது மாத வாடகைதான். அதற்குக் குறைந்ததும் இல்லை, கூடியதும் இல்லை.

கூடியது இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சமாதான நீதவான் ஒருவரிடம் போய், முத்திரை ஒட்டி, இரண்டு வருடத்துக்கு வாடகை என்று கையெழுத்து வைத்த தாளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நொத்தாரிசு எழுதாத அந்தத் தாள் இரண்டு வருடக் குத்தகையாகச் செல்லாது. வாடகைக்கு இருந்தீர்கள், இவ்வளவு கொடுத்தீர்கள் என்று காட்ட அது உதவலாம். ஆனால் இரண்டு வருடம் முடியும்வரை எழுப்ப முடியாது என்று அதைக் காட்டி வாதாட முடியாது. கால உறுதி வேண்டுமென்றால் நொத்தாரிசிடம் போகத்தான் வேண்டும்.

மாத வாடகையை முடிக்க ஒரு முழு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும்; அது வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும். இங்கே வாடகை மாதம் முதலாம் திகதி தொடங்குகிறது. ஜூன் 24இல் அறிவித்த வீட்டுக்காரர் ஜூலை 31 என்று சொல்லியிருந்தால் அந்த அறிவித்தல் சரியாக இருந்திருக்கும். ஜூலை 10 என்று சொன்னதால் பிழையாகிவிட்டது. மூன்று வாரம் பொறுத்திருந்தால் சட்டம் அவர் பக்கம் வந்திருக்கும்.

ஆனாலும், அறிவித்தல் சரியாக இருந்திருந்தாலும் பூட்டுப் போடும் உரிமை அவருக்கு வந்திருக்காது. காலக்கெடு முடிந்தும் வாடகைக்காரர் எழும்பாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டு, தீர்ப்பைப் பெற்று, நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அலுவலரான பிஸ்கால் மூலமாகத்தான் வெளியேற்ற முடியும். அந்த வழக்கு இழுபடும் என்பது உண்மை. அதனால்தான் பலர் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். வாடகைக்காரரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முறையான அறிவித்தலுக்குப் பிறகு அடம்பிடித்துத் தங்கினால், தங்கிய காலத்துக்கு நட்டஈடு கட்ட நேரிடும்.

தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவை இந்த இடத்தில் எல்லாரும் படிக்க வேண்டும் என்பேன். குற்றமுறை அத்துமீறல் என்றால் என்ன என்று சொல்லும் அந்தப் பிரிவு, பிறரின் சொத்து என்று பேசவில்லை; பிறர் குடியிருப்பில் இருக்கும் சொத்து என்று பேசுகிறது. அங்கே இருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ நுழைந்தால், நுழைந்தவரிடம் வீட்டின் உரிமைப் பத்திரமான உறுதி இருந்தாலும் அது அத்துமீறல் ஆகலாம். வீடு எங்களுடையது என்ற பதில் அங்கே போதாது.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல் வாடகைக்காரரை எழுப்ப முடியாதபடி இறுக்கமான பாதுகாப்புத் தந்த சட்டம் அது. ஆனால் 1980ஆம் ஆண்டுத் திருத்தம், அந்த ஆண்டு ஜனவரி முதலாம் திகதிக்குப் பின் கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு வீடுகளை அதற்கு வெளியே கொண்டுபோய்விட்டது. கல்லடி வீடு சுனாமிக்குப் பிறகு கட்டப்பட்டது. ஆகவே இந்த வழக்கில் அந்தச் சட்டம் இல்லை. புளியந்தீவிலோ கோட்டமுனையிலோ தாத்தா காலம் தொட்டு ஒரே குடும்பம் வாடகைக்கு இருக்கும் பழைய வீடு என்றால் கதை வேறு. அப்படிப்பட்டவர்கள் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கும் முன் ஒரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் உள்ளூராட்சி மன்றத்தில் கட்டும் வழியும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

66ஆம் பிரிவு

எங்கள் வழக்குக்கு உதவியது 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம். காணி ஒன்றின் உடைமை பற்றிய பிணக்கால் அமைதி குலையும் நிலை வந்தால், 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸ் நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். பொலிஸ் போகாவிட்டால் பாதிக்கப்பட்டவரே சத்தியக்கடதாசியோடு போகலாம். காணி என்ற சொல் அங்கே கட்டடத்தையும் சேர்த்துத்தான். யாருக்கு உறுதி இருக்கிறது என்று அந்த நீதிமன்றம் ஆராய்வதில்லை. யார் கையில் இருந்தது, யார் அதைப் பறித்தார் என்றே பார்க்கிறது. தகவல் தாக்கல் செய்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரைத் திரும்ப உள்ளே விடும்படி 68ஆம் பிரிவின் கீழ் உத்தரவிடலாம். உரிமை யாருக்கு என்பதை உரிய நீதிமன்றம் பிறகு தீர்மானிக்கும்.

இரண்டு மாதம் என்ற அந்த எல்லைதான் உயிர்நாடி. பூட்டு விழுந்ததும் உறவுகளை அனுப்பிப் பேசிப் பார்ப்போம், கோயில் தலைவரைக் கேட்போம், கல்யாணம் முடியட்டும் என்று நாட்களைக் கடத்தியவர்கள் எங்களிடம் வரும்போது அந்தக் கதவு மூடிவிட்டிருக்கும். இந்தப் பெண் மறுநாளே வந்தார். பாதி வழக்கு அதில் வென்றது.

மீதிப் பாதி சான்று தேடுவதில் இருந்தது. அங்கேதான் கஷ்டப்பட்டோம். முதல் இரண்டு வருட வாடகைக்கு ஒரு துண்டுகூட இல்லை. கொப்பி வீட்டுக்காரரின் மனைவியிடம். அயலவர்கள் வாயால் எல்லாம் சொன்னார்கள். சத்தியக்கடதாசி என்றதும் பின்வாங்கினார்கள். நாளைக்கும் அதே ஒழுங்கையில் முகம் பார்க்க வேண்டியவர்களை அதற்காகக் குறை சொல்ல மனம் வரவில்லை. மூலைக் கடைக்காரர் மட்டும் துணிந்து கையெழுத்து வைத்தார். வங்கியிலிருந்து 2020 ஏப்ரல் முதல் 2023 ஜூன் வரையான பணமாற்ற விபரம் வந்தது. ஒவ்வொரு மாதமும் அதே கணக்குக்கு, அந்தந்தக் காலத்து வாடகைத் தொகை. மின்சாரப் பட்டியல் வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும், பணம் கட்டிய பற்றுச்சீட்டுகளை இவர் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். நல்ல வேளையாக அந்த டின் தாய் வீட்டில் இருந்தது. பாடசாலை தந்த கடிதத்தில் பிள்ளைகளின் முகவரி இருந்தது. கட்டாரிலிருந்து வந்த பொதிகளின் முகவரிச் சீட்டுகள் கிடைத்தன. கிராம உத்தியோகத்தர் வதிவிடச் சான்று தந்தார்.

எதிர்த்தரப்பு இரண்டு விடயங்களை முன்வைத்தது. முதலாவது, 2021இல் வீடு நன்கொடை உறுதியில் மகளுக்கு எழுதப்பட்டுவிட்டது, மகள் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை என்பது. அந்த நீதிமன்றத்தில் இது பொருந்தாத வாதம். உறுதி அங்கே கேள்வியே இல்லை. அதற்கு வெளியிலும், வீடு கைமாறியதால் மட்டும் வாடகை அறுந்துவிடாது என்பது இந்நாட்டின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டத்தின் பழைய விதி. புதிய உரிமையாளர் குடியிருப்பவரோடு சேர்த்தே வீட்டை ஏற்கிறார்.

இரண்டாவது வாதம் எங்களைத் திடுக்கிட வைத்தது. வாக்காளர் இடாப்பில் இந்தப் பெண்ணின் பெயர் களுவாஞ்சிக்குடியில் தாய் வீட்டு முகவரியில் இருந்தது. அவர் குடியிருப்பதே அங்கேதான், கல்லடியில் சாமான் மட்டும் வைத்திருந்தார் என்று சொன்னார்கள். கல்லடி முகவரியில் பதிய வீட்டுக்காரரே 2018இல் சம்மதிக்கவில்லை என்பதை அவர்கள் சொல்லவில்லை. பாடசாலைக் கடிதமும் மின்சாரப் பற்றுச்சீட்டுகளும் இல்லாதிருந்தால் அந்த ஒரு தாள் எங்களைக் கவிழ்த்திருக்கலாம்.

விசாரணைக்கு நாள் குறிக்கும் முன் இரு தரப்பையும் இணங்கவைக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்பது 66ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அந்த முயற்சி பலித்தது. சாவி அன்றே திரும்பக் கிடைத்தது, பியூசும் போடப்பட்டது. ஒக்டோபர் 31இல் வீட்டை ஒப்படைக்க இவர் ஒத்துக்கொண்டார். ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் வரையான மூன்று மாத வாடகை 54,000 ரூபாயும் முற்பணத்தில் கழிக்கப்பட்டது. மிகுதி 6,000 ரூபாய் ஒப்படைக்கும் நாளில் கையில் தரப்பட வேண்டும். பெயின்ற் கணக்கு கைவிடப்பட்டது. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. புதுத் தம்பதியினர் வீடு காலியாகும்வரை பெண்ணின் பெற்றோர் வீட்டில் இருந்தார்கள். ஜூன் மாதத்தில் இவர் கேட்டதும் மூன்று மாதம்தான்.

முற்பணம் இப்படிக் கழிபடாதிருந்தால் தனியாக ஒரு போராட்டம் தேவைப்பட்டிருக்கும். சிறிய தொகைப் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் அந்தச் சபையில் சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. இரு தரப்பும் நேரே பேசலாம். காலத்தையும் கவனிக்க வேண்டும். எழுத்தில்லாத உடன்படிக்கைப் பணத்தைக் கேட்டு வழக்கிட 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் தரும் அவகாசம் மூன்று வருடம்.

வீட்டுக்காரர்களின் பயம்

இணக்கம் எழுதிய அன்று நீதிமன்ற வளவில் அந்தத் தந்தையிடம், ஒரு துண்டாவது எழுதிக் கொடுத்திருக்கலாமே ஐயா என்று கேட்டேன். எழுதிக் கொடுத்தால் பத்து வருடத்தில் வீடு அவர்களுக்குப் போய்விடும் என்றார். இதை அவர் மட்டும் சொல்லவில்லை. கல்முனையிலும் ஏறாவூரிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1972இன் வாடகைச் சட்டமும், அடுத்த ஆண்டு வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமும் சொந்தக்காரர்கள் பலரைக் கலங்கவைத்தன. மேலதிக வீடுகளைக் குடியிருந்தவர்களே வாங்க அப்போது வழி ஏற்பட்டது. அந்தக் காலத்துக் கலக்கம் சட்டம் மாறிய பிறகும் வாய்வழியாக இறங்கி வந்திருக்கிறது.

பத்து வருட ஆட்சி என்பது காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. உரிமையாளரின் உரிமையை ஏற்காமல், அவருக்கு எதிராக, தனக்கென்று ஆட்சி செய்தவருக்கே அது பயன்படும். வாடகை கட்டுகிறவர் ஒவ்வொரு மாதமும் இது உங்கள் வீடு என்று ஒத்துக்கொள்கிறவர். குடியிருக்கும்வரை வீட்டுக்காரரின் உரித்தை மறுக்க வாடகைக்காரருக்குச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவும் இடம் கொடுப்பதில்லை. அப்படியென்றால், இவர் என் வாடகைக்காரர் என்று காட்டும் பற்றுச்சீட்டு யாருக்குக் கவசம்? முதலில் வீட்டுக்காரருக்குத்தான். துண்டு எழுதாமல் விடுகிறவர், நாளைக்கு யாராவது நான் வாடகையே கட்டவில்லை, சொந்தமாக இருந்தேன் என்று சொன்னால் மறுக்க வைத்திருக்கும் ஒரே சான்றையும் தானே இல்லாமல் செய்கிறார். இதை நான் வளவில் நின்று விளக்கியபோது அந்த ஐயா நெடுநேரம் கேட்டார். கொப்பியில் இவருடைய கையெழுத்தையும் வாங்கியிருக்க வேண்டும் என்று அவருடைய மனைவிதான் சொன்னார்.

வாடகைக்கு இருப்பவர்களிடம் நான் வலியுறுத்துவது, சண்டை வந்தாலும் வாடகையை நிறுத்தாதீர்கள் என்பதைத்தான். நிறுத்தினால் நியாயம் மறுபக்கம் போய்விடும். கையில் வாங்க மறுத்தால் வங்கியில் போடுங்கள். கணக்கு இலக்கம் தெரியாவிட்டால் காசுக் கட்டளையாகப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குடிபுகும் நாளில் சுவர், மோட்டார், மின்மானி எண் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள். பெயின்ற் கணக்கு வரும்போது அது பேசும். பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தை நாடலாம்.

அந்தப் பெண் இப்போது நாவற்குடாவில் இருக்கிறார். புதிய வீட்டுக்காரர் மாதாமாதம் பற்றுச்சீட்டுத் தருகிறார். முற்பணத்துக்கும் எழுத்து உண்டு. வாக்காளர் பதிவு மட்டும் இன்னும் சிக்கலாக இருக்கிறது. இடாப்பில் பெயர் ஏறினால் வீட்டில் உரித்து வந்துவிடும் என்று இந்தப் புதிய வீட்டுக்காரரும் அஞ்சுகிறார். பதிவு வதிவிடத்தை வைத்து நடப்பது, வீட்டு உரித்தோடு அதற்குத் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டோம். தலையாட்டுகிறார், ஆனால் படிவத்தில் இன்னும் பெயர் ஏறவில்லை. இளைய பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது வதிவிடத்துக்கு இடாப்புப் பதிவைக் கேட்பார்கள். அதற்குள் காரியம் முடிய வேண்டும் என்று கிராம உத்தியோகத்தருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.